மண்ணுக்குள் நூற்று அறுபது நாள்

1

நூற்று அறுபது நாள், நான்கு மணி நேரம். இலையுதிர்கால மீஸான் மாதம் பத்தாம் தேதி காலை ஏழு மணிக்கு அந்தத் திராட்சையை மண்ணுக்குள் வைத்து மூடினார்கள். ஆண்டின் கடைசி மாதமான ஹூத் இருபதாம் தேதி காலை பதினோரு மணிக்கு ஸபூர் மாமா அதை உடைத்தார். இடையில் ஒரு குளிர்காலம் போயிருந்தது.

கதை எழுதும் எண்ணம் எனக்கு இருக்கவில்லை. காபூலில் ஒரு விருந்தினர் விடுதியில் வேலை பார்க்கிறேன். வேதியியல் படித்தவளுக்கு அங்கே என்ன வேலை என்று கேட்பவர்கள் உண்டு. பயணிகளோடு கடைத்தெருவுக்குப் போக வேண்டும். அவர்கள் சொல்வதைக் கடைக்காரரிடமும், கடைக்காரர் சொல்வதை அவர்களிடமும் சொல்ல வேண்டும். கூச்சமுள்ளவளுக்கு ஏற்ற வேலைதான். அடுத்தவர் பேச்சைப் பேசும்போது என் குரல் நடுங்குவதில்லை.

விடுதியின் முதலாளியம்மா ஒரு பக்கம் எழுதித் தரச் சொன்னார். பயணிகள் வாங்க வேண்டிய உணவும் கைவினையும். வரவேற்பு மேசையில் வைப்பதற்கு. இஸ்தாலிஃபின் நீலக் கோப்பை, ஹெராத்தின் ஊதிச் செய்த கண்ணாடி, மல்பெரி மாவு உருண்டை, காய்ந்த தயிர் என்று நான்கை ஒரே மூச்சில் எழுதிவிட்டேன். ஐந்தாவது இப்படி நின்றது:

'கங்கீனா: வைக்கோல் கலந்த களிமண்ணில் செய்த இரண்டு கிண்ணங்கள். நடுவில் தாயிஃபி திராட்சை. இரண்டையும் கவிழ்த்துச் சேர்த்து, விளிம்பை மண்ணால் பூசி, நிழலில் வைத்தால் நவ்ரோஸ் புத்தாண்டுவரை பழம் புதிதாகவே இருக்கும். மிகவும்'

'மிகவும்' என்ற சொல்லுக்குப் பிறகு இரண்டு வாரமாக ஒன்றும் வரவில்லை. அதைத் தாண்ட முடியாமல்தான் இதை எழுதுகிறேன்.

(அடிக்குறிப்பு: காலை ஏழு மணி என்று எனக்கு எப்படித் தெரியும்? நானும் அங்கே இருந்தேன். கூடை தூக்கினேன்.)

2

தொடங்கிப் பார்த்தவை:

'பனி விலகிய சாலையில் எங்கள் வண்டி வடக்கே' — வேண்டாம். பயணிகளுக்கு எழுதும் எல்லாமே வண்டியில்தான் தொடங்குகின்றன.

'ரோனாவின் விரல்கள் களிமண்ணில் ஒரு' — இதுவும் வேண்டாம். அவள் விரல்கள் சின்னவை. நகத்தில் மண் இருக்கும். அதற்கு மேல் எழுதினால் நான் அவளை அழகாக்கிக் கடன் தீர்ப்பது போல் ஆகும்.

'உடைப்பதற்கு முன் ஸபூர் மாமா அதைக் காதருகே வைத்துத் தட்டுவார்.' — இது இருக்கட்டும்.

உடைப்பதற்கு முன் ஸபூர் மாமா அதைக் காதருகே வைத்துத் தட்டுவார். நடுவிரல் மடக்கி, கதவு தட்டுவது போல, இரண்டு முறை. உள்ளே யாராவது இருக்கிறார்களா என்று கேட்பது போலத்தான் சிறுவயதில் எனக்குத் தோன்றும். பழம் நன்றாக இருந்தால் ஒரு சத்தம், கெட்டிருந்தால் வேறு சத்தம் என்பார். இரண்டுக்கும் என்ன வேறுபாடு என்று நான் பலமுறை கேட்டிருக்கிறேன்.

"கெட்டது பதில் சொல்லாது, மாமா ஜான்" என்பார்.

(எங்கள் ஊரில் மாமனும் அக்கா மகளை 'மாமா' என்றே கூப்பிடுவார். அன்பு கொஞ்சம் குறையும் நாட்களில் நான் 'இஞ்சினியர் ஸாஹிப்'. பட்டம் வாங்கியவர்கள் எல்லோரும் அவருக்கு இஞ்சினியர்தான்.)

3

மாமாவின் கடை சாலையோரம், தோட்டத்து வாசலில். ஒரு பலகை, ஒரு தார்ப்பாய், ஒரு தேநீர்க் கெட்டில். காபூலிலிருந்து வடக்கே போகிறவர்கள் நிறுத்துவார்கள். அங்கே ஒரு வழக்கம் உண்டு: கங்கீனாவை மூடியபடி விற்பதில்லை. வாங்குபவர் முன்னால் விற்பவர் உடைக்க வேண்டும். முதல் பழத்தை அவரே தின்ன வேண்டும். உள்ளே கெட்டிருந்தால் அதைத் தூக்கிப் போட்டுவிட்டு அடுத்ததை உடைக்க வேண்டும். முகம் சுளிக்கக் கூடாது.

இந்த வருடம் பலகையில் இரண்டு வகை இருந்தன. மாமா செய்தவை தடிமன், முரடு, மாட்டு வண்டிச் சக்கரத்தின் குடம் போல. மற்றவை ரோனா செய்தவை.

ரோனா மாமாவின் மகன் யாமாவின் மனைவி. யாமா மஸார் சாலையில் லாரி ஓட்டுகிறான். மாதத்தில் ஆறு நாள் வீட்டில் இருப்பான். அவள் இஸ்தாலிஃபில் குயவர் சக்கரத்தின் அருகே வளர்ந்தவள். அவள் கிண்ணங்கள் மெல்லியவை. வாதுமை மரத்தில் ஒரு சின்ன அச்சுச் செதுக்கி, ஒவ்வொன்றின் விளிம்பிலும் ஒரு கொடி இலையைப் பதித்திருந்தாள். பயணிகளின் கை முதலில் அங்கேதான் போகும்.

குளிர்காலத்தின் நடுவில் ஒருநாள் நான் மாமாவிடம் கேட்டேன், விடுதிக்கு எழுதும் தாளில் ரோனாவின் பெயரைப் போடலாமா என்று. இதைக் கேட்க எனக்கு ஒரு வாரம் ஆனது. வீட்டுப் பெண்ணின் பெயரைக் கடைத்தெருவில் உரக்கச் சொல்வதில்லை. அச்சில் போடுவது என்றால் யோசித்துப் பாருங்கள். மாமா யோசித்தார். தேநீர் ஆறும்வரை யோசித்தார்.

"கெட்ட சாமானோட பேரு வந்தாத்தான் அவமானம்" என்றார். "நல்ல பழத்துக்குப் பக்கத்துல வந்தா என்ன? போடு. ஆனா மொதல்ல உடைச்சுப் பார்ப்போம்."

ரோனா கதவுக்குப் பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். அன்று மதியம் அவள் எனக்கு இரண்டு முறை சோறு வைத்தாள்.

பிறகு உடைக்கத் தொடங்கினார்கள். மாமாவின் முப்பதில் ஒன்றும் கெடவில்லை. ரோனாவின் ஒன்பதில் ஐந்து அழுகியிருந்தன. உள்ளே வெள்ளைப் பஞ்சு. காடி வாசனை.

சாலைக்கு எதிர்ப்பக்கம் கஃபார் லாலாவின் கடை. மீனும் ஜிலேபியும் பொரிப்பார். இரண்டும் ஒரே எண்ணெயிலா என்று கேட்டால் அவருக்குக் கோபம் வரும்.

"என்ன ஸபூர், இந்த வருசம் ஊறுகாய் யாவாரமா?" என்று அங்கிருந்தே கத்தினார்.

"உன் மீன் எந்த வருசத்து மீனுன்னு மொதல்ல சொல்லு."

"என் மீன் நேத்துதான் செத்துச்சு. உன் திராட்சை எப்ப செத்துச்சுன்னு அதுக்கே தெரியாது."

மாமா சிரித்தார். ஆனால் இலை பதித்தவற்றைப் பலகையிலிருந்து எடுத்துப் பின்னால் சாக்குக்கு அடியில் வைத்துவிட்டார்.

(அடிக்குறிப்பு: முப்பதில் பூஜ்யம், ஒன்பதில் ஐந்து. தற்செயல் என்று சொல்ல முடியாது. மாமா கணக்குப் படிக்காதவர். ஆனாலும் படித்தவர்கள் எடுக்கும் முடிவைத்தான் எடுத்தார். தப்பான முடிவுக்கு நல்ல காரணங்கள் இருப்பது பற்றி எங்கள் பேராசிரியர் ஒரு வகுப்பு முழுவதும் பேசினார். நான் குறிப்பு எடுத்தேன்.)

4

இங்கே எல்கே வர வேண்டும். அவளைப் பற்றி எனக்குச் சந்தேகம் இருக்கிறது.

எல்கே ஜெர்மனியில் பள்ளி ஆசிரியை. ஐம்பது வயது இருக்கும். எங்கள் விடுதியில் ஏழாம் எண் அறை. முதல் வரைவில் அவளைக் கோமாளியாக எழுதியிருந்தேன். எல்லாவற்றையும் படம் எடுப்பாள், ஜிலேபியை மீனோடு சேர்த்துத் தின்பாள், பேரம் பேசத் தெரியாமல் விலையை ஏற்றிக் கேட்பாள் என்று. (கடைசி ஒன்று மட்டும் உண்மை.) திரும்பப் படித்தபோது வெட்கமாக இருந்தது. அவள் அப்படிப்பட்டவள் அல்ல. எதைப் பார்த்தாலும் 'ஏன்' என்று கேட்பவள், அவ்வளவுதான்.

அவளை ஏன் அப்படி எழுதினேன் என்று யோசித்தேன். கதைக்குள் ஒரு வெளியூர்க்காரி இருந்தால் வாசகர் அவளையே பார்த்துக்கொண்டிருப்பார். கூடை தூக்கியவளைப் பார்க்க மாட்டார்.

அடித்துவிட்டு மறுபடி எழுதுகிறேன்.

(இன்னொரு குறிப்பு. இங்கே எதற்கு என்று தெரியவில்லை, பிறகு எடுத்துவிடலாம். திராட்சைத் தோலின் மேல் வெள்ளையாகப் படிந்திருப்பது தூசி அல்ல. பூச்சி மருந்தும் அல்ல. மெழுகு. தண்ணீர் ஒட்டாமல் பழத்தைக் காப்பது அதுதான். எங்களுக்கு இரண்டாம் வருடப் பாடம். குளிர்காலம் தொடங்கும் ஜதி மாதத்தில் விடுதிச் சாப்பாட்டு மேசையில் ஒரு பழத்தைக் கட்டைவிரலால் துடைத்துப் பார்த்துக்கொண்டிருந்தபோது அந்தப் பாடம் நினைவுக்கு வந்தது. சாப்பிடாமல் எழுந்துவிட்டேன்.)

5

ஹூத் இருபது. வெள்ளிக்கிழமை. நவ்ரோஸுக்குப் பத்து நாள். எல்கேயும் நானும் பத்து மணிக்குப் போய்ச் சேர்ந்தோம்.

"வாங்க, வாங்க! உடம்பு நல்லா இருக்கா? வீடு நல்லா இருக்கா? வழியில களைப்பு இல்லையே?" என்று மாமா ஒரே மூச்சில் கேட்டுக்கொண்டே போனார். நான் எல்கேயிடம், "நலமான்னு கேக்கறார்" என்றேன்.

"இவ்வளவு நேரமா அதைத்தான் கேட்டாரா?"

"விதவிதமா கேட்டார்."

மாமா தன்னுடையதில் ஒன்றை எடுத்துத் தட்டினார். உளியின் பின்பக்கத்தால் விளிம்பில் ஓர் அடி. மேல் கிண்ணம் தொப்பி போலக் கழன்றது. சிவந்த பழங்கள், காம்பு இன்னும் பச்சை. ஒன்றைத் தின்றார். எல்கேயிடம் நீட்டினார். அவள் கண்ணை மூடிக்கொண்டு தின்றாள்.

"ஆறு மாசமா? ஐஸ் இல்லாம? இது எப்படி?"

நான் சொன்னேன்: மண் மிகக் கொஞ்சமாகக் காற்றை விடும். பழம் மூச்சு விடுவதால் உள்ளே அது விட்ட காற்றே நிறையும். அதில் பழம் மெதுவாகத் தூங்கிவிடும். இதைச் சொல்லும்போது எனக்குக் குரல் நன்றாக வந்தது. இது பாடம்.

எல்கே தலையாட்டிக்கொண்டே குனிந்து சாக்கைத் தூக்கினாள்.

"அட! இதுல இலை இருக்கே. இது யார் செஞ்சது? எனக்கு இதுதான் வேணும்."

மாமா என்னைப் பார்த்தார். "அது விக்கறதுக்கு இல்லன்னு சொல்லு."

"அது விற்பனைக்கு இல்ல" என்றேன்.

"ஏன்?"

நான் யோசித்தேன். "பழசு."

"என்ன சொன்ன?" என்றார் மாமா.

"பழசுன்னு சொன்னேன்."

"பழசா? எல்லாம் ஒரே வாரத்துல பொறந்த பிள்ளைங்கதானே. ஏன் பொய் சொல்ற?"

சாலையின் அந்தப் பக்கத்திலிருந்து கஃபார் லாலா கரண்டியை உயர்த்தினார். "கேக்கறாங்கல்ல, குடுப்பா! ஊறுகாய் அவங்க நாட்டுல கிடைக்காதோ என்னமோ!"

6

தேநீர்த் தட்டு வாங்கப் பின்னால் வீட்டுக்குள் போனேன். ரோனா அடுப்படியில் குந்தியிருந்தாள். அவள் முன்னால் மூன்று காய்ந்த மண்ணுருண்டைகள்.

"இது ஓடைக்கரை மண்ணு, இது பள்ளத்து மண்ணு, இது மாமனாரு எடுக்கற மண்ணு" என்றாள். "மூணையும் நக்கிப் பார்த்துட்டேன். ஒண்ணுலயும் உப்பு இல்ல."

"நக்கினயா?"

"எங்க வீட்டுல எல்லாரும் நக்கித்தான் பாப்போம். உங்க படிப்புல வேற வழி இருக்கா?"

"இருக்கு. ரொம்ப நேரம் ஆகும்."

"நாக்கே மேல்." அவள் சிரிக்கவில்லை. "நிலாப் ஜான், நான் மெலிசா பண்ணிட்டேனோ? மெலிசா இருந்தா காத்து ஜாஸ்தி போகுமா? ஆனா நாலு நல்லா இருந்துச்சே. அதே மண்ணு, அதே கை. நாலு நல்லா இருந்து அஞ்சு எப்படிக் கெடும்? இது ஏன்னு தெரியாம எனக்குச் சோறு எறங்கல."

அவள் வருத்தத்தைவிட அந்த 'ஏன்' பெரிதாக இருந்தது. அது எனக்குப் பழக்கமான குரல். ஆய்வுக்கூடத்தில் என் பக்கத்துப் பெண்கள் பேசும் குரல்.

"தாள்ல எழுதிட்டியா?" என்றாள்.

"இன்னும் இல்ல."

"எழுதாத. மாமனாரு நேத்து சொன்னாரு. சத்தம் போட்டுச் சொல்லல. சத்தம் போட்டிருந்தா நானும் பேசியிருப்பேன். 'மகளே, நீ சட்டி செய், கோப்பை செய், உன் கைக்கு அதுதான் அழகு, திராட்சைக்கு மட்டும் வேண்டாம்'னு சொன்னாரு. நான் என்னத்தச் சொல்றது?" கோப்பைகளைத் தட்டில் அடுக்கினாள். "நான் ரெண்டு நாளு மூடினேன். மொத நாளு நீயும் இருந்த. அன்னைக்கு நீ கொண்டாந்த கூடை ஏன் அவ்வளவு குளிர்ச்சியா"

[இந்த இடத்தில் வரியை நிறுத்தியிருக்கிறேன். அவள் நிறுத்தவில்லை. முழுதாகத்தான் கேட்டாள். மீஸான் பத்தாம் தேதியும் இதையே கேட்டாள். அன்று நான் 'நிழல்ல இருந்துச்சு' என்றேன். இன்று, 'தேத்தண்ணி ஆறுது' என்றேன்.]

தட்டை எடுத்துக்கொண்டு வெளியே வந்தேன்.

(இன்னும் ஓர் அடிக்குறிப்பு, இதுதான் கடைசி. ரோனா முதல் நாள் அச்சை இலைக்காம்பு மேலே இருக்கும்படி பதித்தாள். இரண்டாம் நாள் தூக்கக் கலக்கத்தில் தலைகீழாகப் பிடித்துவிட்டாள், காம்பு கீழே. அவளே அதைக் கவனிக்கவில்லை. நான் கவனித்தேன். அழுகிய ஐந்திலும் காம்பு மேலே. நல்ல நான்கிலும் காம்பு கீழே.)

7

இந்தக் கதைக்கு நான் எழுதிவைத்த முடிவுகள் மூன்று. மூன்றும் நன்றாகவே இருக்கின்றன.

முதல் முடிவு. நான் ஒரு துண்டு மண்ணைக் காபூலுக்கு எடுத்துப்போய்ச் சோதிக்கிறேன். மணல் ஆறு பங்கு கூடுதல் என்று தெரிகிறது. ஓடைக்கரை மண் குற்றவாளி. அடுத்த வருடம் ரோனா பள்ளத்து மண்ணில் செய்கிறாள். இந்த முடிவில் எல்லோரும் நல்லவர்கள். மண் எழுந்து வந்து மறுக்கப் போவதில்லை.

இரண்டாவது. எல்கே சாக்குக்கு அடியிலிருந்து எடுத்ததில் காம்பு கீழே இருக்கிறது. பழம் கல்கண்டாக இருக்கிறது. கஃபார் லாலா ஜிலேபி அனுப்புகிறார். எனக்கு மிகவும் பிடித்த முடிவு இது. ஆனால் சாக்குக்கு அடியில் இன்னும் இருக்கின்றன. அடுத்த வெள்ளிக்கிழமை யாராவது வருவார்கள்.

மூன்றாவது. ரோனா திராட்சையை விட்டுவிடுகிறாள். கோப்பை செய்கிறாள். மூன்று வருடம் கழித்து எல்கேயின் ஊரில் ஒரு கண்ணாடிப் பேழையில் அவள் கோப்பை நிற்கிறது. இதை எழுதும்போது என் கண்ணே கலங்கியது. அப்புறம் யோசித்தேன்: என் கண் ஏன் கலங்க வேண்டும்? அவளுக்கு அந்தப் பேழை வேண்டாம். அவளுக்கு ஏன் அழுகியது என்று தெரிய வேண்டும்.

மூன்று முடிவிலும் பொதுவான ஒன்று உண்டு. மூன்றிலும் நான் வாயைத் திறப்பதில்லை.

8

தேநீர் குடித்தார்கள். எல்கே இலை பதித்த ஒன்றைக் குழந்தை போல மடியில் வைத்திருந்தாள்.

"உடைக்காம குடுக்கச் சொல்லு. எனக்கு இந்த இலைதான் வேணும். உள்ள என்ன இருந்தாலும் பரவாயில்ல."

சொன்னேன். மாமா கையை மார்பில் வைத்துக்கொண்டார்.

"விருந்தாளி கேட்டா உயிரக் குடுப்பேன். மூடினத குடுக்க மாட்டேன். உள்ள என்னன்னு தெரியாம வித்தா அது யாவாரமா? நாளைக்கு அவங்க ஊருல போய் உடைச்சு நாறினா, ஸபூரு மண்ணு வித்தான்னுதானே பேசுவாங்க?"

கதவில் ரோனா நின்றிருந்தாள். முக்காட்டைப் பல்லால் கடித்திருந்தாள். விட்டுவிட்டுப் பேசினாள்.

"உடைங்க. எனக்கும் பாக்கணும்."

"மகளே, வெளியாளுங்க முன்னால எதுக்கு?"

"கெட்டது வெளியாளுங்க முன்னாலதானே கெட்டுச்சு."

கஃபார் லாலா கரண்டியைச் சட்டியில் வைத்துவிட்டுச் சாலையைக் கடந்து வந்தார். துணியில் கையைத் துடைத்துக்கொண்டு நின்றார்.

எல்கே அதை மாமாவிடம் நீட்டினாள். அது என் முன்னால் கடந்து போனபோது பார்த்தேன். காம்பு மேலே இருந்தது. மணி பதினொன்று.

இந்த இடத்தில் ஒரு வாக்கியம் எழுதி அடித்தேன். 'நான் கையை நீட்டி அதைத் தடுத்' என்று. நான் தடுக்கவில்லை. கதையிலாவது தடுக்கலாமே என்று பார்த்தேன். ரோனா பார்க்க வேண்டும் என்றவள். என்னால் அந்தக் கிண்ணத்துக்குள் எதையும் மாற்ற முடியாது.

மாமா காதருகே வைத்தார். இரண்டு முறை தட்டினார். கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு உளியால் அடித்தார்.

வெள்ளைப் பஞ்சு ஒரு பக்கம் முழுவதும். நடுவில் நாலைந்து பழம் மட்டும் நல்ல சிவப்பில், ஒன்றும் நடக்காதது போல. காடி வாசனை எல்லோருக்கும் எட்டியது. எல்கே 'ஓ' என்றாள். மாமா முகம் சுளிக்கவில்லை. வழக்கப்படி, நன்றாக இருந்ததில் ஒன்றைக் கிள்ளி வாயில் போட்டுக்கொண்டார்.

"இனிப்பா இருக்கு" என்றார், ரோனாவைப் பார்த்து. அவருக்கு அவள் மேல் பிரியம். எனக்கு அதுதான் தாங்கவில்லை.

ரோனா கீழே வந்தாள். உடைந்த கிண்ணத்தை எடுத்து மூக்கருகே வைத்துப் பார்த்தாள். உள்ளே விரலை ஓட்டினாள். விளிம்பைச் சுரண்டி நாக்கில் வைத்துப் பார்த்தாள். அவளுக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. இடுப்புப் பையிலிருந்து வாதுமை மர அச்சை எடுத்து மாமாவின் பலகையில் வைத்தாள்.

"கை தப்புத்தான் போல" என்றாள். "எனக்குத் தெரியல. தெரியாத கையால மூடக் கூடாது."

"அட, கையில்ல, மண்ணா இருக்கும்" என்றார் கஃபார் லாலா. அவரால் சொல்ல முடிந்த அளவு கனிவாக.

மாமா ஒரு மண் துண்டை எடுத்து என் உள்ளங்கையில் வைத்தார்.

"இஞ்சினியர் ஸாஹிப். நாலு வருசம் படிச்சிருக்க. நான் காதால கேக்கறேன், இவ நாக்கால பாக்கறா, நீ படிப்பால சொல்லு. மண்ணா, கையா? ஒரு வார்த்த சொல்லு. நீ என்ன சொல்றியோ, அடுத்த வருசம் அப்படியே பண்ணிக்கறோம்."

"என்ன கேக்கறாரு?" என்றாள் எல்கே.

நான்கு பேர் என்னைப் பார்த்தார்கள். மொழிபெயர்க்க ஒன்றும் இல்லை. சொல்ல வேண்டியது அடுத்தவர் பேச்சும் அல்ல.

மண்ணைப் பற்றிக் கேட்டார்கள். கையைப் பற்றிக் கேட்டார்கள். கொடிக்குத் தண்ணீர் எப்போது நிறுத்தினோம், வைக்கோல் எந்த வயலுடையது, நிழல் போதுமா, அன்று காற்று எந்தப் பக்கம் என்றுகூட மாமா இரண்டு வாரமாகக் கேட்டுக்கொண்டிருந்தார். ஒரு கேள்வியை மட்டும் யாரும் கேட்கவில்லை. ஒளித்ததால் அல்ல. எங்கள் சாலையில் பிறந்த எவருக்கும் அது கேள்வியாகவே தோன்றாது. அதைச் செய்யும் ஓர் ஆளை அவர்களால் கற்பனை செய்ய முடியாது. நகரத்தில் வளர்ந்து, வெள்ளை அங்கி போட்டு, சுத்தத்தைப் பற்றித் தேர்வெழுதி, உதவி செய்ய ஆசைப்பட்டு ஓடைக்கரையில் குனிந்து உட்காரும் ஒருத்திக்கு மட்டும்தான் அது தோன்றும்.

9

வாசகரே, இதற்குப் பிறகு மாமா ஒன்று சொன்னார். ரோனா ஒன்று செய்தாள். பலகையில் இருந்த அச்சு அங்கேயே இருந்ததா, இல்லையா என்பதும் எனக்குத் தெரியும். எழுதப் போவதில்லை. இதுவரை நான் எழுதிய மூன்று முடிவுகளும் எனக்குச் சாதகமானவை; நாலாவதும் அப்படித்தான் வரும் என்று பயமாக இருக்கிறது. உங்கள் கையில் தருகிறேன். காதருகே வைத்துத் தட்டிப் பாருங்கள். அவர்களை உங்களுக்கு இப்போது கொஞ்சம் தெரியும்.

தாளில் 'மிகவும்' என்ற சொல்லை மட்டும் அடித்துவிட்டேன்.

நடந்தவற்றில் என்னுடையது ஒரே ஒரு வாக்கியம். அது சின்னதாகத்தான் வந்தது. கஃபார் லாலாவுக்குக் கேட்கவில்லை. 'என்னம்மா?' என்றார். அதனால் மறுபடி, சாலையில் லாரி ஒன்று கடக்கும் சத்தத்துக்கு மேலே, சொன்னேன்:

"மண்ணும் இல்ல, ரோனாவோட கையும் இல்ல, மாமா. மொத நாளு நான் ரோனாவுக்குக் கொண்டாந்த கூடைப் பழம் எல்லாத்தையும், மூடறதுக்கு முன்னால, ஓடையில வெச்சு நான் கழுவிட்டேன்."